காசியில் பொழுது அடையும் நேரத்துப் படகு: ஆறு பேர், இரண்டு பேருக்கு முட்டிவலி

பொருநைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். பிப்ரவரி இரண்டாம் வாரம் குடும்பத்தோடு காசிக்குப் போகிறோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள், அப்பா, அம்மா, அப்பாவின் அக்கா என்று மொத்தம் ஆறு பேர். அப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 74. அத்தைக்கு 77. இருவருக்கும் முட்டிவலி. படி ஏறி இறங்குவது சிரமம்.

திதி, தர்ப்பணம், விசுவநாதர் தரிசனம் எல்லாம் முதல் மூன்று நாட்களில் முடிந்துவிடும். நான்காம் நாள் மாலையை எங்களுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். பொழுது அடையும் நேரத்தில் படகில் போக வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை. தங்கும் விடுதியில் விசாரித்தால் ‘சன்செட் க்ரூஸ்’ என்று ஒரு பெரிய படகைச் சொல்கிறார்கள். மேல்தளம், பாட்டு, சிற்றுண்டி எல்லாம் உண்டாம். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. நாங்கள் ஆறு பேர் மட்டும் போகிற மாதிரி சின்னப் படகு கிடைக்குமா? எத்தனை மணிக்கு, எங்கே ஏற வேண்டும்? மாலை கங்கை ஆரத்தியைப் படகிலிருந்து பார்ப்பது நல்லதா, படியில் உட்கார்ந்து பார்ப்பது நல்லதா?

இன்னொன்றும் இருக்கிறது. மாமா போன வருடம்தான் தவறினார். அத்தையோடு படகில் போகும்போது மணிகர்ணிகைச் சுடுகாட்டுப் படித்துறையைக் கடந்து போக வேண்டுமா, தவிர்க்கலாமா? மகளையும் நினைத்துத்தான் கேட்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கொங்குவண்டி:

நாங்கள் போன நவம்பரில் பெரிய படகில்தான் போனோம். ஏறுவது சுலபம், உட்கார நாற்காலி உண்டு, கழிப்பறை உண்டு. பெரியவர்களுக்கு அது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் கரையிலிருந்து தள்ளியே போனது. ஒலிபெருக்கியில் இந்தியில் விளக்கம், இடையிடையே பாட்டு. எந்தக் கட்டம் (படித்துறை) எது என்று தெரிவதற்குள் தாண்டிவிட்டது. இன்னொரு முறை போனால் சின்னப் படகுதான் எடுப்பேன்.

லோகோ காலனி:

தம்பி, உங்கள் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் கணவர் காசியில் ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அப்போது அதை டீசல் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ் என்பார்கள், இப்போது பனாரஸ் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ். பதினோரு வருடம் அங்கே குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஊரிலிருந்து வராத சொந்தக்காரர் கிடையாது. வந்தவர்களை எல்லாம் படகில் அழைத்துப் போனது நான்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளுங்கள். கங்கை காசியில் வடக்கு நோக்கி ஓடுகிறது. ஊர் முழுக்க மேற்குக் கரையில்தான், எல்லாப் படித்துறையும் கிழக்குப் பார்த்தவை. அதனால் காலையில் சூரியன் ஆற்றுக்கு அக்கரையில் எழும்பும், எல்லோரும் எடுத்து வைத்திருக்கிற படம் அதுதான். மாலையில் ஆற்றின்மேல் சூரியன் இறங்காது, ஊருக்குப் பின்னால் போய் மறையும். கரையை ஒட்டியே படகில் போனால் அது மறைவதைப் பார்க்கவே முடியாது. நாலரை மணிக்கெல்லாம் படிகளில் நிழல் விழுந்துவிடும். ‘என்ன, சூரியனையே காணோமே’ என்று என் தங்கை முதல் தடவை கேட்டாள்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். நான்கு, நாலேகாலுக்குள் தெற்கே அஸி கட்டத்தில் ஏறுங்கள். அங்கே பலகையில் அஸ்ஸி காட் என்றுதான் இருக்கும், நம்மவர்கள் கட்டம் என்று சொல்வார்கள். அங்கிருந்து வடக்கே தசாஸ்வமேத கட்டம் வரை சுமார் மூன்று கிலோமீட்டர். நீரோட்டத்தோடு போவதால் துடுப்பு போட்டே போகலாம், அவசரமில்லாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஊர் இடது கைப்பக்கம் வரும், பெரியவர்களை வலது பக்கப் பலகையில் ஊரைப் பார்க்க உட்கார வையுங்கள். கேதார் கட்டத்தைத் தாண்டியதும் படகை ஆற்றின் நடுவுக்கு, முடிந்தால் அக்கரை மணல் பக்கமாகக் கொண்டுபோகச் சொல்லுங்கள். பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் ஐந்தே முக்கால் வாக்கில் சூரியன் இறங்கும். நடு ஆற்றிலிருந்து திரும்பிப் பார்த்தால், கோபுரங்களுக்கும் மாடிகளுக்கும் பின்னால் செக்கச் சிவந்து இறங்குவது தெரியும். அப்போது கரை முழுக்க நீல நிழல், அதில் ஒவ்வொன்றாக விளக்கு ஏறும். பதினோரு வருடத்தில் எனக்கு அது ஒரு நாளும் அலுக்கவில்லை.

துடுப்புப் படகை நான் வற்புறுத்துவது அழகுக்காக மட்டும் இல்லை. எஞ்சின் ஓடினால் கரையின் சத்தம் எதுவும் காதில் விழாது. துணி துவைக்கிற அடி, படியில் கிரிக்கெட் ஆடுகிற பையன்களின் கூச்சல், கோயில் மணி என்று எல்லாம் தண்ணீர் மேல் வரும். காசியைப் பாதி காதால்தான் பார்க்க முடியும். ஒரு தடவை இரண்டு மணி நேரத்துக்கென்று பேசிவிட்டுக் கடைசி நிமிடத்தில் வேறு ஒரு மோட்டார் படகில் ஏற்றிவிட்டார்கள். நாற்பது நிமிடத்தில் சுற்றிக்காட்டிக் கரையில் இறக்கிவிட்டார்கள். என் மாமியார் அழாத குறை. ஏறுமுன் எங்கிருந்து எதுவரை, எத்தனை மணி நேரம், எந்தப் படகு, ஆளுக்கு இவ்வளவா மொத்தப் படகுக்கா என்று நான்கையும் பேசி முடித்துவிட வேண்டும். பணத்தை இறங்கிய பிறகு கொடுங்கள்.

வழியில் பார்ப்பதைப் பற்றி. அஸியைத் தாண்டியதும் துளசி கட்டம், துளசிதாசர் இருந்த இடம். பிறகு கோட்டை மாதிரி உயரமாக நிற்பது சேத்சிங் கட்டம். 1781இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் பணம் கேட்டு நெருக்கி, காசி ராஜா சேத்சிங்கை இந்த மாளிகையில்தான் காவலில் வைத்தார். கலவரம் மூண்டதும் ராஜா தலைப்பாகைத் துணிகளை முடிந்து ஜன்னல் வழியாக இறங்கிப் படகில் தப்பினார். ஹேஸ்டிங்ஸே ஊரை விட்டுச் சுனார் கோட்டைக்கு ஓட வேண்டியதாயிற்று. உங்கள் மகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள், அந்த ஜன்னல் எது என்று தேட ஆரம்பித்துவிடுவாள்.

அப்புறம் அனுமன் கட்டம். உங்கள் பெயரைப் பார்த்தால் திருநெல்வேலிப் பக்கம் என்று தெரிகிறது. தமிழாசிரியரான உங்கள் அப்பாவுக்காக இதை நிதானமாகச் சொல்கிறேன். அப்பா இறந்த பிறகு எட்டயபுரத்திலிருந்து பாரதியார் 1898இல் வந்து சேர்ந்தது இங்கேதான், அத்தை குப்பம்மாள் வீட்டுக்கு. நான்கு வருடம் போலக் காசியில் இருந்தார். சமஸ்கிருதமும் இந்தியும் படித்தது, மீசையும் தலைப்பாகையும் வந்தது எல்லாம் இந்த ஊரில்தான். படகிலிருந்து வீடு தெரியாது, சந்துக்குள் இருக்கிறது. 2022இல் அந்த வீட்டின் ஒரு பகுதியை நினைவில்லமாக ஆக்கியிருக்கிறார்கள். நாங்கள் இருந்த காலத்தில் அது கிடையாது, கதவருகே நின்று பார்த்துவிட்டு வருவோம். அதே கட்டத்துப் பக்கம்தான் முத்துசுவாமி தீட்சிதரின் குரு சிதம்பரநாத யோகி அடங்கிய இடம் என்று காட்டுவார்கள். தீட்சிதர் இளம் வயதில் அவரோடு காசியில் இருந்தார். கங்கையில் இறங்கியபோது அவருக்கு வீணை கிடைத்தது என்பது வழிவழியாகச் சொல்கிற கதை.

அதற்கு இரண்டு எட்டு தள்ளி சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த சுவர் தெரியும். நம்மூர்க் கோயில் மதில் மாதிரியே இருக்கும், யாரும் சொல்லாமலே உங்கள் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். அதுதான் கேதார் கட்டம், கேதாரேசுவரர் கோயில். அதைப் பார்த்துக்கொள்வது குமாரசாமி மடம். மடத்தை ஏற்படுத்தியவர் குமரகுருபரர், பதினேழாம் நூற்றாண்டு. பிறந்தது உங்கள் தாமிரபரணிக் கரையில், ஸ்ரீவைகுண்டத்தில். அவர் சிங்கத்தின்மேல் ஏறி அரசவைக்குப் போய் இடம் கேட்டார் என்ற கதை உங்கள் அப்பாவுக்குத் தெரியாமல் இருக்காது. அதை அந்தக் கட்டத்துக்கு எதிரில், படகில் உட்கார்ந்து, பேத்திக்கு அவர் வாயால் சொல்லட்டும். அங்கே பத்து நிமிடம் படகை நிறுத்தச் சொல்லுங்கள். வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

இப்போது அத்தை விஷயம். எல்லோரும் மணிகர்ணிகையைத்தான் நினைப்பார்கள், ஆனால் அது தசாஸ்வமேதத்தைத் தாண்டி வடக்கே இருக்கிறது. நீங்கள் தசாஸ்வமேதத்தோடு நிறுத்திக்கொண்டால் அந்தப் பக்கமே போக வேண்டாம். ஆனால் அனுமன் கட்டத்துக்கும் கேதார் கட்டத்துக்கும் நடுவில் அரிச்சந்திர கட்டம் இருக்கிறது, அதுவும் சுடுகாடுதான். அஸியிலிருந்து வந்தால் அதைக் கடக்காமல் வர முடியாது. நடு ஆற்றில் விலகிப் போகச் சொன்னால் போவார்கள். ஆனால் நீங்களாக முடிவு செய்யாமல் அத்தையிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். 2003இல் என் அப்பாவை அழைத்துப் போனபோது அம்மா போய் எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. நான் படகுக்காரரிடம் வேகமாகப் போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினேன். அப்பா கவனித்துவிட்டார். ‘மெதுவாவே போகட்டும்மா’ என்றார். கை கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் சார்பில் நான் பயந்தது தப்பு என்று அன்றைக்குத் தெரிந்தது. குழந்தைக்கும் முன்பே சொல்லி வையுங்கள், கேட்டால் நேராகப் பதில் சொல்லுங்கள். இரண்டு சுடுகாட்டுக் கட்டத்திலும் செல்போனை உள்ளே வைத்துவிடுங்கள், யாருடைய வீட்டுத் துக்கமோ அது.

தசாஸ்வமேதத்தில் நடக்கிற ஆரத்தியைப் படகிலிருந்தே பாருங்கள். குளிர்காலத்தில் ஆறு, ஆறரைக்குள் தொடங்கிவிடும், முக்கால் மணி நேரம் போல நடக்கும். அர்ச்சகர்கள் ஆற்றைப் பார்த்துத்தான் நிற்பார்கள், கங்கைக்குத்தானே ஆரத்தி. படியில் உட்கார்ந்தவர்கள் அதிகமும் அவர்களின் முதுகையே பார்ப்பார்கள். பெரியவர்களுக்கு அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து எழுந்திருப்பதும் கஷ்டம். ஆனால் படகுகளை வரிசை வரிசையாகச் சேர்த்துக் கட்டுவார்கள். முன்வரிசையில் மாட்டினால் பின்னால் இருப்பவை எல்லாம் போனால்தான் நீங்கள் வெளியே வரலாம். கடைசி வரிசையிலேயே நிற்கச் சொல்லுங்கள். கொஞ்சம் தூரம்தான், ஆனால் விளக்கு வரிசை முழுதாகத் தெரியும், நினைத்தபோது கிளம்பலாம்.

சால்வை, குல்லா மறக்காதீர்கள். இருட்டியதும் ஆற்றுக் காற்று சில்லென்று இருக்கும். குளிர்காலத்தில் வருகிற வெள்ளைப் பறவைக் கூட்டத்துக்குப் போடச் சொல்லி சேவு பொட்டலம் விற்பார்கள், வாங்காதீர்கள். எண்ணெயில் பொரித்ததைத் தின்று அவை என்ன ஆகும்.

பொருநைக்கரை:

அம்மா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். குமரகுருபரர் பகுதி வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார், மறுபடி படிக்கச் சொன்னார். அத்தையிடம் இன்னும் பேசவில்லை, பேசிவிடுகிறேன்.

ஒரே கவலை, ஏறுவதும் இறங்குவதும். அஸியில் எத்தனை படி இறங்க வேண்டும்? ஆரத்தி முடிந்து தசாஸ்வமேதத்தில் இறங்கினால் வண்டி எவ்வளவு தூரத்தில் கிடைக்கும்?

கடைசி வருட ஆய்வாளன்:

பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவனாக இருக்கிறேன், அஸிக்கு நடக்கிற தூரம்தான். அம்மா சொன்ன வழி அருமை. இப்போதைய நிலவரத்தில் சிலவற்றை மட்டும் மாற்றிச் சொல்கிறேன்.

தசாஸ்வமேதத்தில் கண்டிப்பாக இறங்காதீர்கள். ஆரத்தி முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் படியேறும். கோதோலியா சந்திப்பு வரை நடந்தால்தான் வண்டி, முட்டிவலிக்காரர்களால் முடியாது. போன படகிலேயே திரும்பி வாருங்கள். திரும்பும்போது எதிர் நீரோட்டம், ஆறு பேரை வைத்துத் துடுப்பு போட்டு வருவது படகுக்காரருக்குப் பெரும்பாடு. அதனால் சின்ன மோட்டார் படகாகவே பேசி, போகும்போது எஞ்சினை அணைத்துவிட்டுத் துடுப்பில் போகச் சொல்லுங்கள், கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் ஒத்துக்கொள்வார்கள். டீசல் படகுகள் பெரும்பாலும் சிஎன்ஜி எரிவாயுவுக்கு மாறிவிட்டன, நமோ கட்டத்தில் தண்ணீரிலேயே மிதக்கிற சிஎன்ஜி நிலையம் இருக்கிறது. பழைய புகை இல்லை, சத்தம் மட்டும் இருக்கிறது.

ஏறுவதற்கு அஸியை விட அதற்குத் தெற்கே இருக்கிற ரவிதாஸ் கட்டம் நல்லது. வண்டி கிட்டே வரும், பெரிய படகுகள் கிளம்புகிற இடம் என்பதால் ஏறுவதற்கு மேடை மாதிரி வசதியும் இருக்கிறது. வடக்குக் கோடியில் நமோ கட்டத்திலும் சாய்தளம் உண்டு, ஆனால் அங்கிருந்து ஏறினால் நீரோட்டத்துக்கு எதிராக வர வேண்டும், மணிகர்ணிகையையும் கடக்க வேண்டும். உங்களுக்கு அது சரிவராது. கேதார் கட்டத்தில் இறங்கி ஏறலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அந்தப் படிகள் செங்குத்து.

உயிர்காப்பு உடை எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைக்கு அளவான ஒன்று இருக்கிறதா என்று ஏறுமுன் கேளுங்கள். பெரியவர்களுக்குப் படகில் சாய்மானம் இருக்காது, ஒரு தலையணை எடுத்துப் போங்கள்.

லோகோ காலனி:

தம்பி சொல்வதுதான் சரி. நான் பார்த்த ரவிதாஸ் கட்டம் இப்படி இல்லை. திரும்பும்போது ஆறு பேரை வைத்துத் துடுப்பு போட வேண்டியிருக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. எங்கள் படகுக்காரர் ஒருவர் எதிர் நீரோட்டத்தில் வரும்போது பேச்சையே நிறுத்திவிடுவார், மூச்சு வாங்கும். மோட்டார் படகு எடுத்து எஞ்சினை அணைத்துக்கொள்ளுங்கள்.

பொருநைக்கரை:

காசியிலிருந்து எழுதுகிறேன். நேற்று மாலை போய் வந்தோம்.

ரவிதாஸ் கட்டத்தில் நான்கு மணிக்கு ஏறினோம். வண்டி கிட்டே வந்ததால் இருவரும் கைபிடித்து மெதுவாக இறங்கிவிட்டார்கள். எங்கள் ஆறு பேரோடு படகுக்காரர், அவர் மகன், அவ்வளவுதான். அஸியைத் தாண்டியதும் எஞ்சினை அணைத்தார். அந்த அமைதி வந்ததும் எல்லோருமே பேச்சை நிறுத்திவிட்டோம்.

மகள் சேத்சிங் மாளிகையில் ஜன்னல்களை எண்ணினாள். அத்தையிடம் கிளம்புமுன் கேட்டிருந்தேன், ‘பாத்துக்கலாம்’ என்று மட்டும் சொன்னார். அரிச்சந்திர கட்டம் நெருங்கியதும் படகுக்காரர் தானாகவே நடுவுக்குத் திருப்பினார். அத்தை ‘ஏன் தள்ளிப் போறாரு, பக்கத்துல போகச் சொல்லு’ என்றார். போனோம். இரண்டு சிதை எரிந்துகொண்டிருந்தது. அத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ‘விறகெல்லாம் எவ்வளவு ஒழுங்கா அடுக்கி வச்சிருக்காங்க’ என்றார். மகள் அவர் மடியில் கையை வைத்துக்கொண்டாள். வேறு யாரும் எதுவும் பேசவில்லை.

கேதார் கட்டத்துக்கு எதிரில் பத்து நிமிடம் என்று சொன்னது அரை மணி நேரம் ஆகிவிட்டது. அப்பா ஸ்ரீவைகுண்டத்தில் ஆரம்பித்தார், ஐந்து வயது வரை பேச்சு வராத பிள்ளை திருச்செந்தூரில் வாய் திறந்தது, தருமபுரத்துக் குரு, சிங்கம் என்று ஒன்றையும் விடவில்லை. வகுப்பெடுக்கும் குரல் அப்படியே வந்துவிட்டது. படகுக்காரரின் மகன் துடுப்பை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். முடித்ததும், ‘இன்னும் சொல்லுங்க ஐயா’ என்றான், தமிழில். கேதார் கட்டத்துப் பையன், நம் யாத்ரீகர்களிடம் கற்றுக்கொண்டதாம். அப்பாவுக்கு அதற்கப்புறம் எதுவுமே வேண்டியிருக்கவில்லை.

அதனால் சூரியன் இறங்குவதற்குக் கொஞ்சம் அவசரமாகத்தான் நடு ஆற்றுக்குப் போனோம். பார்த்துவிட்டோம். நீங்கள் எழுதியதுபோலவே கரை முதலில் நீலமானது. ஆரத்திக்குக் கடைசி வரிசையில் நின்று, பாதியிலேயே அம்மாவுக்குக் குளிர் தாங்காமல் கிளம்பினோம். தடையில்லாமல் வெளியே வர முடிந்தது.

நாளை காலை கேதாரேசுவரர் கோயிலுக்குள் போக வேண்டும் என்கிறார் அப்பா. படித்துறைப் பக்கம் வேண்டாம், தெருப் பக்கமாகப் போக ஆட்டோ எதுவரை வரும்?

லோகோ காலனி:

சோனார்புரா வரை வரும். அங்கே இறங்கி கேதார் காட் என்று கேளுங்கள், சந்து வழியாகக் கொஞ்ச தூரம் நடந்தால் கோயில் வாசல். சந்து குறுகல், மாடும் பைக்கும் எதிரே வரும், அப்பாவின் கையை விடாதீர்கள். உள்ளே பூசை நம்மூர் மாதிரியே இருக்கும். எனக்காகவும் ஒரு விளக்கு போட்டுவிடுங்கள் தம்பி.